"கிளிநொச்சியில பிறந்தனான், எனக்கேன் விசா?" எண்டு கேக்கிற ஐயாமாருக்கு

போன கிழமை கனடாவில இருந்து வந்த ஒரு ஐயா, விசா விண்ணப்ப அலுவல் பாக்கிற எங்கட கந்தோருக்கு வந்தவர். 68 வயசு. முரசுமோட்டைப் பக்கம் தகப்பன்ர காணியில வீடு கட்டி, குடிபுகுந்து, வாழையும் வைச்சிட்டார். சுற்றுலா விசா முடிய இன்னும் 9 நாள்தான் கிடக்கு. "பிள்ளை, அந்த ரிரயர்மென்ற் விசாவை ஒருக்கா எடுத்துத் தா" எண்டார். ஃபைலைத் திறந்து பாத்தா பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, அரசாங்கம் குடுத்த காணிப் பெர்மிற்றின்ர கொப்பி. வேற ஒண்டும் இல்லை. இந்த வருசம் இதே மாதிரி ஃபைலோட வந்த நாலாவது ஆள் இவர். அதாலதான் இரவிருந்து எழுதுறன்.

முதல் விசயம், பிறப்புப் பத்திரம் நீங்கள் எங்க பிறந்தனீங்கள் எண்டு மட்டும்தான் சொல்லும். நீங்கள் இண்டைக்கு எந்த நாட்டுப் பிரசை எண்டு சொல்லாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி நீங்களா விரும்பி வேற நாட்டுச் சிற்றிசன் எடுத்த அண்டைக்கே இலங்கைக் குடியுரிமை போயிடும், ஒருத்தரும் கடிதம் போட்டுச் சொல்ல மாட்டினம், அடையாள அட்டையைப் பறிக்க வீட்டுக்கும் வர மாட்டினம், அதால கன பேர் "கார்ட் என்னட்டக் கிடக்கு, அப்ப நான் இந்த நாட்டாள்தானே" எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். இல்லை ஐயா. கார்ட் லாச்சிக்குள்ள கிடக்கிறதால போன குடியுரிமை திரும்பி வராது. அம்மா அப்பாவை இஞ்ச அடக்கம் பண்ணியிருக்கிறம், அண்ணன் தம்பி இஞ்ச இருக்கினம், சண்டைக்க இடம்பெயர்ந்து போனனாங்கள் எண்டெல்லாம் சொல்லுவியள், எனக்கு விளங்குது, நானும் இந்த மண்ணிலதான் பிறந்தனான். ஆனா கவுண்டரில இருக்கிறவர் பாக்கிறது உங்கட பாஸ்போட் நிறத்தைத்தான். சிற்றிசன் எடுக்காமல் பிஆர் எண்ட நிரந்தர வதிவிட அனுமதியோட, அதே மாதிரியான சுவிஸ் சி பெர்மிற்றோட இருக்கிற ஆக்களுக்கு இது பொருந்தாது, அவை இன்னும் இலங்கைப் பிரசைதான், விசாவே தேவையில்லை. தயவுசெய்து அவையின்ர கதையைக் கேட்டிட்டு நீங்கள் வெளிக்கிடாதேங்கோ.

அடுத்தது இந்த ரிரயர்மென்ற் விசா. மை ட்ரீம் ஹோம் எண்டு பேர். 55 வயசு தாண்டியிருக்கோணும், 15,000 அமெரிக்க டொலர் இஞ்சத்தைய பாங்கில வைப்பில போடோணும், அதுக்கு மேல மாசாமாசம் 1,500 டொலர் வெளிநாட்டில இருந்து வரோணும், மனுசியையும் சேத்தா இன்னும் 750. ரெண்டு வருசத்துக்குத் தருவினம், பிறகு புதுப்பிக்கலாம். இதில வேலை செய்யேலாது. ஏற்கெனவே காசைக் கொண்டந்து ரூபாயாக்கி வீடு கட்டி முடிச்சிட்டன், அதைக் காட்டலாமோ எண்டு கேக்கினம். காட்டேலாது. காசு மாசாமாசம் வந்துகொண்டிருக்கிறதைத்தான் பாப்பினம்.

இஞ்சதான் அந்த ஐயா விழுந்தவர். கனடாவில அவருக்கு ஓஏஎஸ் எண்ட முதியோர் ஓய்வூதியமும், அதுக்கு மேல வருமானம் குறைஞ்ச ஆக்களுக்குக் குடுக்கிற ஜிஐஎஸ்ஸும் வருது, ரெண்டையும் கூட்டித்தான் கணக்குப் போட்டிருக்கிறார். ஆறு மாசத்துக்கு மேல கனடாவுக்கு வெளியில நிண்டா ஜிஐஎஸ் நிண்டுபோம். ஓஏஎஸ் தொடர்ந்து வெளியில வரோணும் எண்டா 18 வயசுக்குப் பிறகு குறைஞ்சது 20 வருசம் அங்க வாழ்ந்திருக்கோணும். லண்டன்காரருக்கு ஸ்ரேற் பென்சன் எண்ட அரசாங்க ஓய்வூதியம் இஞ்ச வரும், ஆனா வருசாவருசம் கூடாது, வந்த அண்டைய தொகையிலயே நிக்கும். சுவிஸில ஓய்வூதியத்துக்கு மேல குடுக்கிற உதவித்தொகையும் நாட்டை விட்டா இல்லை. ஆக 1,500 டொலர் எங்க இருந்து வரும் எண்டதை டிக்கெற் போட முன்னம் பேப்பரில எழுதிப் பாருங்கோ.

காணிக் கதை அதுக்கு மேல. எங்கட பக்கம் குடியேற்றத் திட்டக் காணி கனக்க, எல்லாம் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில குடுத்த பெர்மிற். பிரதேச செயலகத்துக்கு அலுவலாப் போனா முதல் கேள்வியே நீங்கள் இலங்கைப் பிரசையோ எண்டதுதான். பெர்மிற் இல்லாமல் உறுதி எழுதின தனியார் காணி எண்டாலும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் வந்தாப் பிறகு வெளிநாட்டவர் விலைக்கு வாங்கேலாது, பெற்றார் வழியா உரிமையா வாறது வேற கதை. ரிரயர்மென்ற் விசா எடுத்தாலும் நீங்கள் வெளிநாட்டவர்தான். விசா ஒட்டினாக் காணியும் சரியாகிடும் எண்டு ஆரோ சொல்லி விட்டிருக்கினம், அது பிழை, முழுப் பிழை.

அதால வயசு 55 தாண்டின, முந்தி இலங்கைப் பிரசையா இருந்த ஆக்கள் முதல்ல பாக்கவேண்டியது இரட்டைக் குடியுரிமை. அந்த வயசே ஒரு தகுதி. அது கிடைச்சா விசாவும் தேவையில்லை, காணிக் கந்தோரிலயும் நிமிந்து நிண்டு கதைக்கலாம். இப்பதான் சிற்றிசன் எடுக்கப் போறன் எண்டு இருக்கிற ஆக்கள், எடுக்க முன்னமே இலங்கைக் குடியுரிமையை வைச்சிருக்க விண்ணப்பியுங்கோ, எடுத்தாப் பிறகு அது வேற பிரிவு.

எதுவா இருந்தாலும் அங்க இருக்கேக்கயே துவங்குங்கோ. பொலிஸ் ரிப்போட், சிற்றிசன் பத்திரம், கலியாணப் பத்திரம் எல்லாம் அங்க கையில கிடக்கேக்க தூதரகத்தில குடுக்கிறது லேசு. கைரேகை குடுத்து எடுக்கிற ரிப்போட்டை இஞ்ச இருந்துகொண்டு எடுக்க வெளிக்கிட்டா இழுபடும், அதுக்குள்ள சுற்றுலா விசா முடிஞ்சிடும். சுற்றுலா விசா நீடிப்பு வேற, வதிவிட விசா வேற, ஒண்டு தானா மற்றதா மாறாது. விசா முடிஞ்சாப் பிறகு என்னட்ட வராதேங்கோ, முடிய முன்னம் வாங்கோ, காலுக்கு விழுந்து கேக்கிறன்.

அந்த ஐயாவுக்கு இப்ப நீடிப்புக்குப் போட்டிருக்கிறம். அதோட அவர் ரொறன்ரோவுக்குப் போய் அங்க இருந்து இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறதா முடிவு. வாழைக்குத் தண்ணி விட தம்பியார் நிக்கிறார். நீங்கள் வாறதெண்டா ஒரு மூண்டு மாசத்துக்கு முன்னமே ஒரு கோல் எடுங்கோ, எடுக்கேக்க பிறப்புப் பத்திரத்தோட அந்த நாட்டுச் சிற்றிசன் பத்திரத்தையும் பக்கத்தில வைச்சிருங்கோ, நான் முதல்ல கேக்கப் போறது அதில இருக்கிற திகதியைத்தான்.