முகாமில் பிறந்தவர்களுக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ்

கடலூரில் வக்கீல் தொழிலுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து என்னைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் வழக்கோடு வருவதில்லை, ஒரு சொப்பிங் பையோடு வருகிறார்கள். நாம் கேரி பேக் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதற்குள் முகாம் அட்டை, அங்கே ஊர் அதிகாரியான கிராம சேவகர் முப்பது வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்த கடிதம், நகலிலிருந்து எடுத்த நகல்கள். எதைக் காட்ட வேண்டும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுவார்கள்.

போன வருடம் குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. எழுபதைத் தாண்டிய அம்மா, அவருடைய மகள், மகள் வயிற்றுப் பேத்தி. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அந்த அம்மா இலங்கையிலிருந்து முதலில் வந்தது 1984ல். மூத்த மகன் 1986ல் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் முகாமில் பிறந்தான். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊர் திரும்பினார்கள். 1990ல் மறுபடி சண்டை மூண்டதும் தலைமன்னாரிலிருந்து படகேறினார்கள். மகள் பிறந்தது 1991 ஜூலையில், முகாம் குடிசையிலேயே.

"அப்ப முகாமை விட்டு வெளியில போறதெண்டாலே பயம், தம்பி. ஆசுப்பத்திரிக்கும் போகேல்லை, பதியவும் இல்லை" என்றார்.

அந்த ஒரு பதிவு இல்லாததன் விளைவு மூன்றாவது தலைமுறை வரை வந்து நிற்கிறது. பேத்தி புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், அவளுக்குச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் அவளை இலங்கைக் குடிமகளாகப் பதிய வேண்டுமென்றால் தாயின் குடியுரிமையைக் காட்ட வேண்டும். தாய்க்கோ பிறந்ததற்கே அத்தாட்சி இல்லை. பாட்டி கடைசிக் காலத்தில் வவுனியாவுக்குப் போக ஆசைப்படுகிறார். தனியாகப் போக முடியாது.

இங்கே சட்டம் தேதிகளால் ஆனது. இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அன்றைக்கும் அதற்குப் பிறகும் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி', அதாவது முறையான பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர், என்ற கணக்கில் வரக்கூடாது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அண்ணன் மண்டபத்தில் பிறந்ததை நிரூபித்தால் இந்தியன், தங்கை அல்ல. 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதே அடிப்படையில் வாதாடி, பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் உத்தரவு பெற்றார். அவரை ஜெயிக்க வைத்ததில் அவர் கையிலிருந்த பிறப்புச் சான்றிதழுக்குப் பெரிய பங்கு உண்டு.

2004 தேதி பலருக்கும் தெரியாது. முகாம் பெண்ணைக் கட்டிக்கொண்ட உள்ளூர்ப் பையன்கள், "நான் இந்தியன், என் பிள்ளை இந்தியன்தானே" என்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே நெஞ்சு கனத்துப் போகிறது.

கடலூர்க்காரர்களுக்கு நிவாரணம் புதிதல்ல. சுனாமியின்போது நான் சட்டக் கல்லூரி மாணவன். லாரி லாரியாக வந்த பழைய துணி தெருவோரம் குவிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். தானே புயலில் கூரை போனது, 2015 வெள்ளத்தில் பீரோவோடு பத்திரங்களும் போயின. ஆனால் அப்போது சிறப்பு முகாம் நடத்தி நகல் ஆவணங்கள் கொடுத்தார்கள். அது எப்படி முடிந்தது? மூலப் பதிவு நம் தாலுகா அலுவலகத்தில் இருந்தது, நம்மை விஏஓவுக்குத் தெரியும். போரில் ஊரைவிட்டு ஓடி வந்தவருக்கு மூலப் பதிவு கடலுக்கு அந்தப் பக்கம். சாட்சி சொல்ல வேண்டிய அண்டை வீட்டுக்காரர் கனடாவிலோ, வேறு முகாமிலோ, மண்ணுக்கடியிலோ. போரில் தப்பி வந்தவர்களுக்கு உதவ வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். அரிசி கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 1983ல் ஆரம்பித்து 2012 வரை இந்தியாவுக்கு வந்த 3,04,269 பேரில் இன்னும் இங்கேயே இருப்பவர்களுக்கு, இருப்பதா திரும்புவதா என்ற இரண்டு வழிக்கும் முதலில் கேட்கப்படுவது ஒரு தாள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள், அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றினார்கள், குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடை 1,000லிருந்து 1,500 ஆனது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுத்தது. பெரிய நிம்மதி. ஆனால் அது குடியுரிமை இல்லை, 'பதிவு செய்துகொண்ட' என்ற சொல்லையும் கவனியுங்கள். அங்கேயும் தாள்தான்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பிறந்த இடத்தில்தான் பதிவு, குடியிருக்கும் இடத்தில் இல்லை. கீழ்ப்புதுப்பட்டு முகாம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தாலும், பிரசவத்துக்குப் புதுச்சேரி போனால் சான்றிதழ் அங்கே அந்த ஆஸ்பத்திரி இருக்கும் பகுதியின் நகராட்சியில்தான் கிடைக்கும். மரக்காணம் பக்கம் அலைந்து திரிந்து, பதிவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அதற்கு முதலில் பதிவாளரிடம் 'பதிவு இல்லை' என்ற சான்று வாங்க வேண்டும். தடுப்பூசி அட்டை, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, அந்த வருடத்து முகாம் பதிவேட்டின் நகல், எதையும் தூக்கிப் போடாதீர்கள். லேமினேஷனும் செய்யாதீர்கள், முத்திரையைச் சரிபார்க்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். திரும்பிப் போகும் எண்ணம் துளியும் இல்லாவிட்டால்கூட, பிள்ளையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து வைப்பதா என்று ஒரு வக்கீலிடம் கேட்டு முடிவெடுங்கள். இலங்கைக்கு வெளியே பிறந்த பிள்ளை பதிந்தால்தான் இலங்கைக் குடிமகன்.

அப்புறம், பெயர். அங்கே 'றஞ்சன்' என்று எழுதுவார்கள், இங்கே அலுவலகத்தில் 'ரஞ்சன்' ஆகிவிடும். 'தர்சினி' தர்ஷினி ஆகிவிடுவாள். அப்பா பெயர் முதலெழுத்தாகச் சுருங்கிவிடும். தமிழில் சின்ன வித்தியாசம், ஆங்கிலத்தில் அது வேறு ஆளாகவே ஆகிவிடுகிறது. என்னிடம் வரும் திருத்த மனுக்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். உதவி செய்ய நினைக்கும் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போய், ஒவ்வொரு குடும்பத்திலும் எல்லாத் தாள்களிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று அட்டவணை போட்டுக் கொடுத்தால் போதும். பல மாதம் மிச்சமாகும்.

அந்த மகளின் மனு முதலில் ஒரு அலுவலகத்தில் ஐந்து மாதம் கிடந்தது. சாட்சி இல்லை என்றார்கள். 1991ல் முகாமுக்குத் தடுப்பூசி போட வந்துகொண்டிருந்த கிராம சுகாதார நர்ஸைத் தேடினோம். ஓய்வு பெற்றுச் சிதம்பரத்தில் மகன் வீட்டில் இருந்தார். போனில் சொன்னதும், "அந்தக் கோடி வீட்டுக் குழந்தையா? மழையில போய்ப் பார்த்தேனே" என்றார். மறுவாரம் பஸ் ஏறி வந்து கோட்டாட்சியர் விசாரணையில் வாக்குமூலம் கொடுத்தார். உத்தரவு கிடைத்தது.

சான்றிதழ் அச்சிடும் அன்று பாட்டியும் மகளும் நானும் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நின்றோம். பாட்டி தன் முகாம் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். தட்டச்சு செய்த பெண் அவசரப்படவில்லை. "பாட்டி, பெரிய 'ற' தானே?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் பொத்தானை அழுத்தினார்.