ரசீது சிடிக்குத்தான், பாட்டுக்கு அல்ல

பதிப்புரிமை நோட்டீஸோடு என்னிடம் வரும் கடைக்காரர்கள் அநேகமாக முதலில் சொல்வது இதுதான்: “காசு கொடுத்து வாங்கிய சிடி சார் இது.” ரசீதையும் நீட்டுவார்கள். ரசீதில் பொய் இல்லை. ஆனால் அவர்கள் வாங்கியது ஒரு பிரதியை மட்டுமே.

ஒரு திரைப்பாடலில் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன: பாடல் வரிகள், இசை, ஒலிப்பதிவு. ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு. வரிகளுக்கும் இசைக்கும் படைத்தவரின் ஆயுளோடு மேலும் 60 ஆண்டுகள். எனவே ‘பழைய பாட்டுதானே’ என்ற வாதம் பாதிதான் செல்லும். 1955-இல் வெளிவந்த இசைத்தட்டின் உரிமை காலாவதியாகியிருக்கும். ஆனால் அந்தப் பாட்டை எழுதியவர் 1980-இல் இறந்திருந்தால் வரிகளுக்கு 2040 வரை உரிமை உண்டு.

வீட்டுக்குள் சட்டம் தாராளமானது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. வாங்கிய சிடியைக் காரில் கேட்கப் பென்டிரைவில் ஏற்றிக்கொள்வது இதில் அடங்கும் என்பதே என் கருத்து. சிடியை நண்பருக்குக் கொடுக்கலாம், பழைய பொருளாக விற்கலாம். விற்ற பிறகும் பென்டிரைவில் பிரதியை வைத்துக்கொண்டால் அந்த நியாயம் பலவீனமாகிவிடும்.

எண்பதுகளில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. வெற்று கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் மறுநாள் பதிந்து தருவார்கள். நம் தலைமுறையின் ரசனையே அங்கேதான் வளர்ந்தது. ஆனாலும் அனுமதியின்றி நடந்தவரை அது சட்டமீறலே. இன்று மெமரி கார்டில் காசுக்குப் பாட்டு ஏற்றித் தரும் கடைகள் அதன் வாரிசுகள். 63-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஜவுளிக்கடையிலோ உணவகத்திலோ வாடிக்கையாளருக்காகப் பாட்டு ஒலித்தால் அது பொதுமக்களுக்குக் கொண்டுசெல்வது, உரிமம் வேண்டும். மாதச் சந்தா கட்டிய செயலியும் பொதுவாகச் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. அதற்காக, நோட்டீஸ் வந்தவுடன் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். எந்தெந்தப் பாடல்கள், எந்த ஆவணத்தின்படி உரிமை என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டதும் குரல் தணிந்த நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன்.

திருமணத்துக்குத் தனி விலக்கு உண்டு. மதச் சடங்கின்போது பாடலை ஒலிக்கச் செய்வது மீறல் அல்ல. திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் சேரும் என்று சட்டத்தின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. மத்திய அரசு 2023 ஜூலையில் வெளியிட்ட பொது அறிவிப்பும் இதை நினைவூட்டியது. ஆனால் இதே பொருளில் கோவா அரசு வெளியிட்ட சுற்றறிக்கையை மும்பை உயர் நீதிமன்றம் 2024-இல் ரத்து செய்தது. ஆக, விலக்கு சட்டத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட நிகழ்ச்சி அதில் அடங்குமா என்பது அந்தந்த நிகழ்ச்சியின் தன்மையைப் பொறுத்தது.

பலர் சறுக்குவது திருமணம் முடிந்த பிறகுதான். மண்டபத்தில் பாட்டை ஒலிக்க விட்டதற்குத்தான் விலக்கு. அதே பாட்டைக் கல்யாண வீடியோவில் சேர்த்து யூடியூபில் ஏற்றுவதற்கு இல்லை. பத்து விநாடி மட்டும் என்றால் பரவாயில்லை என்றொரு விதி சட்டத்தில் எங்குமே கிடையாது. ‘உரிமை உரியவருக்கே’ என்று கீழே எழுதுவதும் அனுமதி ஆகாது. வீடியோ எடுப்பவரோடு ஒப்பந்தம் போடும்போது, பாட்டுக்கு அனுமதி வாங்க வேண்டியது யார் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.