முப்பத்தொரு வருடத்தில் நான் யாரையும் கைது செய்ததில்லை

மத்திய உளவுத்துறையான ஐ.பி.யில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, மூத்த அதிகாரியாக ஓய்வு பெற்றுக் காரைக்குடிக்குத் திரும்பினேன். பாதி வருடங்கள் பயங்கரவாதத் தடுப்பிலேயே போயின. ஒருவரைக்கூடக் கைது செய்ததில்லை, செய்யவும் முடியாது. 1887-ல் வெள்ளைக்காரன் தொடங்கிய அந்தத் துறைக்கு இன்றுவரை கைது அதிகாரம் கிடையாது. தகவல் திரட்டுவோம், சரிபார்ப்போம், எழுதி அனுப்புவோம். பிடிக்கப் போவது போலீஸ். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008-ல் சட்டம் போட்டு உருவாக்கிய தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.வுக்கு அந்த அதிகாரம் உண்டு. அவர்களும் நேரில்தான் வந்தாக வேண்டும்.

நான் எந்தப் பிரிவில் இருந்தேன் என்பது என் வீட்டுக்கே தெரியாது. மகள் கல்யாணப் பத்திரிகையில் 'மத்திய அரசுப் பணி' என்று மட்டும்தான் அடித்தோம். அப்படிப்பட்ட வேலையில் இருப்பவன், முன்பின் தெரியாதவருக்குப் போன் போட்டு "நான் ஐ.பி. ஆபீசர்" என்பானா? அப்படிச் சொல்லி மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் மோசடிக்காரர்கள்.

பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இதை முன்பே சொல்லாமல் போனேனே என்று இன்றும் மனசு அறுக்கிறது.

அன்று காலை பதினொரு மணிக்கு அவர் வீட்டு முகப்புக் கதவு சாத்தியிருந்தது. பகலில் அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. பின்கட்டு வழியாகப் போனேன். ஒரு காலத்தில் ஐம்பது பேர் புழங்கிய வளவில், ஆத்தங்குடிக் கல் தரையில் ஆச்சி தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே பித்தளைச் செம்பில் சாய்த்து வைத்த போன். திரையில் காக்கிச் சட்டை. என்னைப் பார்த்ததும் "போ தம்பி, போயிரு" என்று கையைக் காட்டினார். போனை எடுத்து அணைத்தேன்.

"ஐயோ, கட் பண்ணினா சிங்கப்பூர்ல மகனையும் பிடிச்சிருவாகளாம்!"

அவர் ஆதாரில் வாங்கிய சிம் ஒரு குண்டுவெடிப்பு வழக்கில் சிக்கியிருக்கிறதாம். தேச ரகசியம், யாரிடமும் மூச்சு விடக் கூடாதாம். பிடி இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. ஆளைத் தனிமைப்படுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. எங்கள் தொழிலில் இது பாலபாடம். பிள்ளைகள் வெளிநாட்டில், பெரிய வீட்டில் ஒற்றை ஆள், வங்கியில் வைப்புநிதி. நம் செட்டிநாட்டில் மோசடிக்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்படி வீடியோ காலிலேயே ஒருவரைப் பிடித்துவைப்பதை 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்கிறார்கள். அப்படி ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கைது செய்ய வருபவர் தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தோடு வர வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸைக்கூட வாட்ஸ்ஆப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'சரிபார்க்க' உங்கள் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லும் அரசுத் துறை எதுவுமே கிடையாது.

எங்களுக்கு ஒரு தகவல் வந்தால் வேறு வழியில் உறுதி செய்யாமல் நம்ப மாட்டோம். நீங்களும் போனை வைத்துவிட்டு ஊர் ஸ்டேஷனுக்கு நேரில் போய்க் கேளுங்கள். போக முடியாவிட்டால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டிருந்தால் அழுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்; உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால், போய்ச் சேர்ந்த கணக்கிலேயே பணத்தை நிறுத்திவைக்க வழி இருக்கிறது.

ஆச்சி முந்தின நாளே ஒரு வைப்புநிதியை உடைத்து அனுப்பியிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து 1930-ஐ அழைத்தேன். ஒரு பகுதிதான் சிக்கியது. அதை மீட்க மனுப் போட்டிருக்கிறோம். அன்று சாயங்காலம் மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்தபோது, ஆச்சி முதலில் கேட்டது, "நீ வீட்லதானே இருக்கே?"