வசதிகள் நிறைந்த பழைய கைபேசி: எதை அதில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

2014ஆம் ஆண்டு வெளியான சாம்சங் கேலக்ஸி எஸ்5 கைபேசியில் 16 மெகாபிக்சல் கேமரா, மெமரி கார்டு, ரிமோட்டாகப் பயன்படும் அகச்சிவப்பு வசதி, இதயத்துடிப்பு உணரி, கையாலேயே கழற்றி மாட்டக்கூடிய பேட்டரி என அத்தனையும் இருந்தன. இவற்றுள் சில இன்றைய விலையுயர்ந்த கைபேசிகளில்கூடக் கிடைப்பதில்லை என்பதால், இத்தகைய கைபேசிகளைக் கைவிட மனமில்லாமல் பழுதுபார்க்கக் கொண்டுவருவோர் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுடைய பற்றில் தவறில்லை என்றே பழுதுநீக்குநரான நான் கருதுகிறேன். இருந்தாலும், வைத்துக்கொள்வதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில் பேட்டரி. லித்தியம் அயனி பேட்டரி சார்ஜ் ஏறி இறங்குவதால் மட்டும் தேய்வதில்லை. இழுப்பறையில் சும்மா கிடந்தாலும் உள்ளே வேதிமாற்றம் நடந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே பத்தாண்டுகளுக்கு முன் தயாராகி, உறை பிரிக்காமல் கிடந்த ‘ஒரிஜினல்’ பேட்டரியைத் தேடி வாங்குவதைவிட, அண்மையில் தயாரான, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமல் தடுக்கும் மின்சுற்று உள்ள மாற்று பேட்டரியை வாங்குவதே மேல். எஸ்5-க்கு உரிய பேட்டரியின் கொள்திறன் 2800 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி); அதே உருவமுள்ள ஒன்றில் 5000 என்று அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டாம். பின்மூடி ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். கழற்றிய பேட்டரியைச் சமமான மேசையில் வைத்து விரலால் மெல்லச் சுற்றிவிட்டால், உப்பியது பம்பரம்போல் சுழலும். நல்லது உராய்ந்து நின்றுவிடும். உப்பியதை மறுபடி சார்ஜில் போடவோ, அழுத்தவோ, குத்தவோ கூடாது; உள்ளே சேர்ந்திருப்பது எரியக்கூடிய வாயு. அதைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு பெறுமிடத்தில் சேர்க்க வேண்டும். பழைய கைபேசியைக் கண்காணிப்புக் கேமராவாக்கி இரவும் பகலும் சார்ஜரிலேயே விட்டுவைப்போரிடம்தான் இப்படி உப்பிய பேட்டரிகளை நான் அதிகம் பார்க்கிறேன்.

வாங்கியபோது சொல்லப்பட்ட, தண்ணீர் புகாது என்ற உறுதியையும் மறந்துவிடுங்கள். எஸ்5-இன் பின்மூடி உட்புறத்தில் ஓடும் மெல்லிய ரப்பர் வளையம் காலப்போக்கில் விறைத்துப்போய், தண்ணீரைத் தடுக்கும் திறனை இழந்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத பக்கம் மென்பொருள். ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் 2015இல் வெளிப்பட்ட ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ குறைபாட்டின் வழியே, எம்.எம்.எஸ். செய்தியாக வரும் ஒரு வீடியோவே கைபேசியைத் தாக்க முடிந்தது. 2017இல் தெரியவந்த ‘புளூபோர்ன்’ குறைபாட்டுக்கு, புளூடூத் இயங்கிக்கொண்டிருந்தாலே போதும், இணைப்புக்கு அனுமதி தரக்கூடத் தேவையில்லை. திருத்தம் வந்துசேராத கைபேசிகளில் இந்த ஓட்டைகள் இன்றும் திறந்தே கிடக்கின்றன. வைரஸ் தடுப்புச் செயலி எதுவும் இயங்குதளத்தின் ஓட்டையை அடைத்துவிடாது. ஆண்ட்ராய்டு 6 முதல், அமைப்புகளில் ‘கைபேசி பற்றி’ என்ற பகுதியில் கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைப் பார்க்கலாம். அது சில ஆண்டுகளுக்கு முந்தையது என்றால், அந்தக் கைபேசியில் வங்கிச் செயலி இருக்கக் கூடாது.

இதைப் பலரும் ஏற்றுக்கொண்டு வங்கிச் செயலியைப் புதிய கைபேசிக்கு மாற்றிவிடுகிறார்கள், ஆனால் ஓ.டி.பி. வரும் சிம் கார்டையும், எல்லாக் கடவுச்சொற்களையும் மீட்க உதவும் முதன்மை மின்னஞ்சலையும் பழையதிலேயே விட்டுவைக்கிறார்கள். செயலியை மட்டும் மாற்றியதால் பெரிய பயன் இல்லை, ஓ.டி.பி.யும் மின்னஞ்சலும் கிடைத்தால் ஒருவர் வேறெங்கோ இருந்துகொண்டே கணக்கைக் கைப்பற்ற முயலலாம்.

இணையதளங்கள் ‘பாதுகாப்பற்றது’ என்று எச்சரித்தால், முதலில் கைபேசியின் தேதியைச் சரிபாருங்கள். பேட்டரி முற்றிலும் தீர்ந்து நெடுநாள் கிடந்த கைபேசியில் கடிகாரம் பின்னோக்கிப் போயிருக்கலாம். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை தொடர்ந்தால், எந்தத் தளத்தை நம்பலாம் என்று சரிபார்க்கக் கைபேசியின் உள்ளே பதிந்துள்ள சான்றிதழ்ப் பட்டியல் காலாவதியாகியிருக்கலாம். எச்சரிக்கையைத் தாண்டிச் சென்று கடவுச்சொல் இடாதீர்கள்.

அழைப்புகளிலும் ஒரு சிக்கல் உண்டு. 4ஜி இணையம் ஓடினாலும் வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும்) வசதி இல்லாத கைபேசி, பேசுவதற்கு 3ஜி அல்லது 2ஜிக்குத்தான் இறங்கும். அந்தச் சேவைகள் நிறுத்தப்பட்ட இடத்தில் அவசர அழைப்புகூடப் போகாமல் போகலாம் என்பதால், முதியவருக்கோ குழந்தைக்கோ கொடுப்பதற்கு முன் பேசிப் பார்த்துவிடுவது அவசியம்.

பழைய கைபேசியைச் சிம் இல்லாமல், முதன்மை மின்னஞ்சல் அல்லாத தனிக் கூகுள் கணக்கோடு, புகைப்படம் எடுக்கவும் பாட்டுக் கேட்கவும் ரிமோட்டாகவும் வைத்துக்கொண்டால் அது இன்னும் நெடுநாள் உழைக்கும். பிறருக்குக் கொடுப்பதானால், முதலில் கூகுள் கணக்கை நீக்குங்கள். ஆண்ட்ராய்டு 5.1 முதல், கணக்கை நீக்காமல் ரெகவரி (பொத்தான்களை அழுத்தித் திறக்கும் மீட்புப் பட்டியல்) வழியாக ஃபேக்டரி ரீசெட் செய்த, அதாவது எல்லாவற்றையும் அழித்த கைபேசி, புதியவரிடம் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய கைபேசிகளில் தகவல்கள் பெரும்பாலும் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுதல்) செய்யப்படாமலே இருக்கும் என்பதால், அமைப்புகளில் மறையாக்க வசதியை இயக்கி முடித்தபின் ரீசெட் செய்யுங்கள். மெமரி கார்டைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.