தடித்த ஓப்பனிங் புத்தகம் வாங்கும் முன்

கோத்தகிரியில் மாலை நேரத்தில் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் ஆட்டத்திறனைக் காட்டும் ரேட்டிங் எண் 1400-லிருந்து 1600-க்குள் நிற்கும் பிள்ளைகளே அதிகம். ஒரு டோர்னமென்டில் தோற்றுவிட்டால் பெற்றோர் உடனே கேட்பார்கள்: "சார், ஓப்பனிங்குக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?" ஓப்பனிங் என்றால் ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்.

போன மழைக்காலத்தில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அறுநூறு பக்க நைடார்ஃப் புத்தகத்தோடு வந்தான். நைடார்ஃப் கறுப்புக் காய்களுக்கான ஓர் ஓப்பனிங். இரண்டு மாதம் மனப்பாடம் செய்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் போய் ஆடினான். கறுப்புக் காய்களோடு ஆடிய இரண்டு ஆட்டத்திலும் நைடார்ஃப் வரவே இல்லை. அது வர எதிராளியும் ஒத்துழைக்க வேண்டும். வெள்ளைச் சிப்பாய் இ4-க்கும் கறுப்புச் சிப்பாய் சி5-க்கும் வந்தபின் (எழுத்தும் எண்ணும் பலகையின் கட்டத்தைக் குறிக்கும்) வெள்ளை குதிரையை எஃப்3-ல் வைத்து, டி4 தள்ளி, காய் வெட்டி, இன்னொரு குதிரையையும் வெளியே கொண்டுவந்தால்தான் ஐந்தாவது நகர்த்தலில் கறுப்பு ஏ6 ஆட முடியும். ஒருவர் இரண்டாவது நகர்த்தலிலேயே சி3 ஆடினார், அதுதான் அலாபின். இன்னொருவர் சிப்பாயைக் கொடுத்து ஸ்மித்-மோரா கேம்பிட் ஆடினார். இரண்டுக்கும் அவன் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட இல்லை.

இந்த ரேட்டிங்கில் எதிராளிகள் ஆறேழு நகர்த்தலுக்குள் புத்தகத்தை விட்டு விலகிவிடுவார்கள். ஆகவே, விலகினால் என்ன செய்வது என்று சொல்லித்தரும் புத்தகம்தான் வேண்டும். மலையில் இருக்கும் நமக்குப் புரட்டிப் பார்த்து வாங்கும் வசதி குறைவு. இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பக்கங்களையாவது பொறுமையாகப் படியுங்கள். வெள்ளைக்கான லண்டன் சிஸ்டம் ஓப்பனிங் புத்தகமா? பிஷப்பை எஃப்4-க்குக் கொண்டுவந்தபின் பி2 சிப்பாய்க்குக் காவல் இல்லை. கறுப்பு சி5 தள்ளி ராணியை பி6-ல் வைத்தால் என்ன செய்வது என்று வாக்கியமாக விளக்குகிறதா பாருங்கள். கறுப்புக்கான காரோ-கான் ஓப்பனிங் என்றால், இ6 ஆடும் முன்பே பிஷப்பை ஏன் எஃப்5-க்கு வெளியே எடுக்கிறோம், பிறகு சி5 தள்ளி எதை உடைக்கிறோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வெறும் நகர்த்தல்களும் கடைசியில் யாருக்குச் சாதகம் என்று காட்டும் கூட்டல் குறியும் மட்டுமே நிறைந்த புத்தகம் 2200-க்கு மேல் உள்ளவர்களுக்கு உதவும். உங்கள் பிள்ளைக்கு அது பாரம். முழு ஆட்டங்கள் சில இருந்தால் இன்னும் நல்லது, ஓப்பனிங் முடிந்தபின் யானைகள் எங்கே போகின்றன என்பதை அவற்றில்தான் பார்க்க முடியும்.

வெளியான ஆண்டையும் பாருங்கள். நைடார்ஃப் போன்ற கூர்மையான நகர்த்தல் வரிசைகளைக் கணினி அடிக்கடி புரட்டிப்போடுகிறது. காரோ-கானில் பத்து வருடப் பழைய விளக்கமும் பெரும்பாலும் கைகொடுக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஆட்டத்தின் நகர்த்தல்களை எழுதிவைக்கும் ஸ்கோர் ஷீட்டில் கடைசி இருபதை எடுத்து, எந்த நகர்த்தலில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்று குறியுங்கள். அந்த மாணவனோடு உட்கார்ந்து குறித்தேன். ஓப்பனிங்கால் தோற்றது மூன்றே ஆட்டம். மற்ற தோல்விகள் எல்லாம் இருபதாவது நகர்த்தலுக்குப் பிறகு, காவல் இல்லாத காயைக் கவனிக்காமல் விட்டதால் வந்தவை. இப்போது தினமும் அரைமணி நேரம் டாக்டிக்ஸ், அதாவது காய்களைப் பறிக்கும் உத்திப் புதிர்கள், போடுகிறான். கூடவே ஒரு மெல்லிய காரோ-கான் புத்தகம். வாரம் ஒரு அத்தியாயம்தான்.