ஓப்பன் பேங்கிங்: எது திறக்கிறது, யாருக்குத் திறக்கிறது?

ஓப்பன் பேங்கிங் என்பதைத் தமிழில் பலர் 'திறந்த வங்கியியல்' என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல்முறை படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது, இல்லையென்றால் பயம் வரும். வங்கியைத் திறந்து போட்டுவிட்டார்களா, என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று போகிற வருகிறவரெல்லாம் பார்க்கலாமா என்றுதான் கேட்கத் தோன்றும்.

விஷயம் அதுவல்ல. உங்கள் வரவு செலவு விவரம் வங்கியின் கணினியில் இருக்கிறது. அதை இன்னொரு நிறுவனத்தின் செயலி பார்க்கட்டும் என்று நீங்கள் சம்மதித்தால், வங்கி அந்த விவரத்தைப் பொதுவான ஒரு முறைப்படி, ஏபிஐ என்று சொல்லும் நிரல்வழி இணைப்பு மூலமாகக் கொடுக்கும். நீங்கள் சம்மதிக்காவிட்டால் கொடுக்காது. இங்கே வங்கி ஒரு தரப்பு, நீங்கள் ஒரு தரப்பு, செயலிக்காரர் மூன்றாம் தரப்பு. ஐரோப்பாவில் இதற்கு இரண்டு பாதி உண்டு. ஒன்று கணக்கு விவரத்தைப் பார்ப்பது, மற்றொன்று உங்கள் சார்பில் கணக்கிலிருந்து பணம் செலுத்தச் சொல்வது.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குழப்பத்தின் வேரும் அங்கேயே கிடைக்கிறது. 2015இல் பிரிட்டன் நிதியமைச்சகம் கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரு பணிக்குழு அமைந்தது. வங்கிக்காரர்களோடு, திறந்த தரவுக்காக இயங்கும் ஓப்பன் டேட்டா இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். வேர்ல்ட் வைட் வெப் எனும் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும், கணினி அறிஞர் நைஜல் ஷாட்போல்டும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. குழுவின் அறிக்கை 2016 பிப்ரவரியில் 'ஓப்பன் பேங்கிங் ஸ்டாண்டர்ட்' என்ற பெயரில் வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த நாட்டின் போட்டி ஆணையம், பழைய பெரிய வங்கிகள் வாடிக்கையாளரைப் பிடிக்கப் பெரிதாகப் போட்டி போட வேண்டிய நிலையே இல்லை, சிறியவையும் புதியவையும் வளர முடியாமல் திணறுகின்றன என்று தீர்ப்புச் சொன்னது. 2017இல் பார்க்ளேஸ், எச்எஸ்பிசி, லாயிட்ஸ் உள்ளிட்ட ஒன்பது வங்கிகளுக்கு, தரவைப் பகிர வழிசெய்யச் சொல்லி உத்தரவு போனது. 2018 ஜனவரி 13 அன்று திட்டம் நடைமுறைக்கு வந்தது. பணம் செலுத்தும் சேவைகள் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் இரண்டாவது நெறிமுறையும் அதே நாளில்தான் அமலுக்கு வந்தது.

அந்த ஒன்பது வங்கிகளுக்குப் போன உத்தரவில் இரண்டு வகைத் தரவுகள் இருந்தன. கிளைகள் எங்கே, ஏடிஎம்கள் எங்கே, எந்தக் கணக்குக்கு என்ன கட்டணம் என்பவை ஒரு வகை. இவை நிஜமாகவே திறந்த தரவு, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். இரண்டாவது வகை வாடிக்கையாளரின் கணக்கு விவரம். அது என்றைக்கும் திறந்த தரவு ஆகவில்லை, ஆகவும் கூடாது. அது பகிரப்படும் தரவு. உரியவர் சொன்னால், அவர் சொன்ன நிறுவனத்துக்கு மட்டும், சொன்ன காலத்துக்கு மட்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே 'ஓப்பன்' என்று பெயர் விழுந்துவிட்டதால் வந்த மயக்கம் இது. உண்மையில் திறந்திருப்பது இணைப்பு எப்படி அமைய வேண்டும் என்ற தொழில்நுட்ப விதிமுறை. அதைப் படித்து எந்த நிரலாளரும் செயலி எழுதிப் பார்க்கலாம், ஆனால் உரிமம் பெற்ற நிறுவனம்தான் நிஜக் கணக்குகளைத் தொட முடியும்.

இதெல்லாம் வருவதற்கு முன்னால் செயலிகள் என்ன செய்தன? உங்கள் நெட்பேங்கிங் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு, உங்களைப்போலவே உள்ளே போய், திரையில் தெரிவதைச் சுரண்டி எடுத்தன. ஆங்கிலத்தில் ஸ்கிரீன் ஸ்கிரேப்பிங் என்பார்கள், திரைச் சுரண்டல் என்றே தமிழிலும் சொல்லலாம். நம் ஊர் வழக்கம் வேறு. கடன் வாங்கித் தருகிறவர் கேட்டதும் ஆறு மாத ஸ்டேட்மெண்டைப் பிடிஎஃபாக எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, அதைத் திறக்கும் கடவுச்சொல்லையும் அடுத்த வரியிலேயே அனுப்புவோம். கடன் கிடைக்கிறதோ இல்லையோ, நம் சம்பளம், வாடகை, மருந்துக்கடைச் செலவு எல்லாம் அவர் போனில் கிடக்கும். அதைத் திரும்பக் கேட்டு வாங்க வழியே கிடையாது. ஓப்பன் பேங்கிங் வேண்டும் என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இந்தியாவில் இரண்டு பாதிகளும் தனித்தனிப் பெயரில் வந்தன. மற்ற நிறுவனங்களின் செயலி வழியாகப் பணம் அனுப்பும் பாதி யுபிஐ, 2016இல் தொடங்கியது. விவரம் பகிரும் பாதிக்குப் பெயர் அக்கவுண்ட் அக்ரிகேட்டர், அதாவது வங்கிக்கும் விவரம் கேட்கும் நிறுவனத்துக்கும் நடுவில் நிற்கும் நிறுவனம். இதற்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பரில் வெளியிட்டது, வங்கிகள் சேர்ந்து நடைமுறைக்கு வந்தது 2021 செப்டம்பரில். இதைத் தமிழில் 'கணக்குத் திரட்டி' என்பது ஒரு வழக்கு. வலைப்பதிவுகளைத் தொகுத்துக் காட்டிய தளங்களைத் திரட்டி என்று அழைத்துப் பழகிய நமக்கு அது அழகான சொல்தான். ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. திரட்டி என்றால் எல்லாவற்றையும் வாங்கித் தன்னிடம் குவித்து வைத்திருப்பதுபோல் தொனிக்கிறது. விதிப்படி அது வாடிக்கையாளரின் நிதித் தகவலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. விவரம் பூட்டிய நிலையில் அதன் வழியே போகிறது, திறக்கும் சாவி கேட்ட நிறுவனத்திடம்தான் இருக்கும். 'கணக்குத் தகவல் இடையீட்டாளர்' என்றால் வேலை சரியாகப் புரியும்.

சரி, ஓப்பன் பேங்கிங்குக்கு எந்தச் சொல்லை வைத்துக்கொள்வது? 'இயல்' என்பது வேதியியல், பொருளியல்போலப் படிப்புத் துறைகளுக்கு வருவது, எனவே வங்கியியல் என்றால் கல்லூரிப் பாடம்தான் நினைவுக்கு வரும். 'கட்டற்ற' என்பதைக் கட்டற்ற மென்பொருளுக்கு வைத்திருக்கிறோம். கட்டுப்பாடுகள் நிறைந்த இந்த ஏற்பாட்டுக்கு அது நேர் எதிர். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் 'திறந்தநிலை வங்கிமுறை' என்பது துறைப்பெயராக நிற்கும். கட்டுரைக்கும் பாடநூலுக்கும் அது போதும். நடப்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'இசைவுவழித் தரவுப்பகிர்வு' என்று எழுதுவேன். நீளம்தான், ஆனால் ஓப்பன் என்ற சொல் மறைத்துவிட்ட இசைவு இதில் முன்னால் நிற்கிறது.

போன் திரையில் இசைவு கேட்கும் இடத்துக்கு இந்த இரண்டுமே வேண்டாம். அங்கே 'ஒப்புதல்' கூட எனக்குச் சரியாகப் படவில்லை. மேலதிகாரி கோப்பில் தருவதும் ஒப்புதல், குற்றவாளி கொடுக்கும் வாக்குமூலமும் ஒப்புதல். 'சம்மதம்' என்றால் யாருக்கும் உடனே புரியும். இது வெறும் சொல்லாசைக்காக அல்ல. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இசைவு கேட்கும் வாசகம் எளிய நடையில் இருக்க வேண்டும், அதை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள ஏதேனும் ஒரு மொழியிலோ படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. தமிழும் அதில் அடக்கம். கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

அப்படியானால் திரையில் வர வேண்டியது ஏறக்குறைய இப்படித்தான்: 'உங்கள் சேமிப்புக் கணக்கின் கடந்த 6 மாத வரவு செலவை, கடன் தரலாமா என்று முடிவு செய்வதற்கு மட்டும், ஒரே ஒரு முறை இந்த நிறுவனம் பார்க்கச் சம்மதமா?' கீழே இரண்டு பொத்தான்கள், 'சம்மதம்' என்று ஒன்று, 'வேண்டாம்' என்று ஒன்று, இரண்டும் ஒரே அளவில். மாதாமாதம் பார்க்கும் வகை என்றால், கொடுத்த சம்மதங்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'நிறுத்து'.