கார்டில் 50 ஜிபி காலி, போனில் இடமில்லை

குடியாத்தத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். வந்ததும் போனை நீட்டினார். "இதுல இடமே இல்லன்னு சொல்லுதுப்பா. உன் தம்பி கார்டு வாங்கிப் போட்டானே, அது இன்னா ஆச்சு?" பேங்க் ஆப்பை அப்டேட் செய்யப் போனால் ஒவ்வொரு தடவையும் இடம் போதவில்லை என்று பாதியில் நின்றுவிடுகிறதாம். வாங்கிப் பார்த்தேன். 16 ஜிபி போன், உள்ளே 64 ஜிபி மெமரி கார்டு. கார்டில் 50 ஜிபிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. போனிலோ 300 எம்பிகூட மிச்சமில்லை.

இதே கேள்வியோடு வேலூரில் எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். கார்டு போட்டால் போன் பெரிதாகிவிடும் என்று நம்பித்தான் எல்லாரும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. மீதிப் பாதி ஏன் தவறுகிறது என்று புரிந்துகொள்ள லாங்கு பஜார் வரை போய் வரலாம்.

அங்கே ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் நாலு பேர் நின்றால் கடை நிறைந்துவிடும். சரக்கு பின்சந்தில் ஒரு கிடங்கில் இருக்கும். அரிசி மூட்டை, எண்ணெய் டின், வெல்லம் எல்லாவற்றையும் கிடங்கில் போட்டு வைக்கலாம். ஆனால் கல்லாப்பெட்டி, கணக்கு நோட்டு, தராசு மூன்றும் கடையை விட்டு நகராது. நகர்ந்தால் வியாபாரம் நின்றுபோகும். போனின் சொந்த நினைவகம்தான் அந்தக் கடை. மெமரி கார்டு கிடங்கு.

ஆப் என்பதை ஒரே பொருளாக நினைக்கிறோம். உள்ளே பார்த்தால் அது நாலைந்து பொருள்கள். ப்ளே ஸ்டோரிலிருந்து இறங்குவது ஏபிகே என்கிற பொட்டலம்; நிரலும் படங்களும் ஒலிகளும் அதில் அடைத்திருக்கும். இறங்கிய பிறகு அந்த நிரலை ஆண்ட்ராய்டு நம் போனின் பிராசஸருக்குத் தோதான வடிவத்துக்கு மாற்றி, தனியாக ஒரு கோப்பாக எழுதி வைத்துக்கொள்கிறது. ஆப் சட்டென்று திறக்க அது உதவும். 40 எம்பி என்று போட்டிருந்த ஆப் இறங்கியதும் அதைவிட நிறைய இடம் பிடிப்பதற்கு இது ஒரு காரணம். அடுத்தது நம் தரவு: லாகின், செட்டிங், வந்த செய்திகள். கடைசியாக கேஷ்: ஒருமுறை பார்த்த படத்தை மறுபடி இறக்காமல் இருக்கத் தற்காலிகமாக எடுத்து வைத்தது.

அப்டேட் வரும்போது புதிய பொட்டலம் முழுதாக இறங்கிச் சரிபார்க்கப்படும் வரை பழையது அப்படியே இருக்கும். பாதியில் கெட்டுப்போனால் பழையதாவது மிஞ்ச வேண்டுமே. அதனால் சில நிமிடங்களுக்கு இரண்டுக்கும் சேர்த்து இடம் வேண்டும். ஆண்ட்ராய்டும் தன் வேலைக்கென்று கொஞ்சம் இடத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். பெரியம்மாவின் பேங்க் ஆப் நின்றது இந்த இடத்தில்தான்.

சரி, ஆப்பைக் கார்டுக்கு மாற்றும் வசதி எப்போது வந்தது? 2010ல், ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பில். அன்றைய மலிவு விலைப் போன்கள் பலவற்றில் ஆப்களுக்கென்று 200 எம்பிகூட இருக்காது. ஏழெட்டு ஆப் போட்டாலே மூச்சு முட்டும். 2.2 செய்த ஏற்பாடு இதுதான்: ஏபிகே பொட்டலம் மட்டும் கார்டுக்குப் போகும். தரவு, டேட்டாபேஸ், போனுக்கு ஏற்ப மாற்றிய நிரல் மூன்றும் போனிலேயே தங்கும். கல்லாவும் கணக்கு நோட்டும் தராசும் கடையில், மூட்டை கிடங்கில். கார்டுக்கு மாற்றிய பிறகும் அந்த ஆப் போனில் கொஞ்சம் இடம் பிடித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய பேர். அது கோளாறு இல்லை, ஏற்பாடே அப்படித்தான்.

கார்டுக்குப் போகும் பொட்டலத்தையும் சும்மா போட முடியாது. அந்தக் காலத்துக் கார்டுகள் ஃபேட் என்ற பழைய வடிவத்தில் இருந்தன. அந்த வடிவத்தில், இந்தக் கோப்பு இன்னாருடையது என்று குறித்து வைக்க இடமே கிடையாது. யார் வேண்டுமானாலும் எதையும் திறக்கலாம், மாற்றலாம். அதனால் பொட்டலத்தைக் குறியாக்கம் செய்து ஒரு பூட்டிய பெட்டிக்குள் வைத்தார்கள். சாவி போனில் இருக்கும். அந்தப் பெட்டியை வேறு போனால் திறக்க முடியாது.

எல்லா ஆப்பும் கார்டுக்குப் போகச் சம்மதிக்காது. ஆப்பை எழுதியவர் அதற்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். சிலர் கொடுக்காததற்கு நியாயம் உண்டு. அப்போதெல்லாம் போனைக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினால் கார்டு போனை விட்டுப் பிரிந்து, பென் டிரைவ் போலக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அந்த நொடியில் கார்டிலிருந்து ஓடும் ஆப்கள் எல்லாம் நின்றுவிடும். அலாரம் ஆப் அப்படி நின்றால் காலை 5 மணிக்குக் காட்பாடியில் ரயில் பிடிக்க வேண்டியவர் தூங்கிக்கொண்டே இருப்பார். கீபோர்டு ஆப் கார்டில் இருந்து, கார்டைக் கழற்றிவிட்டால் எழுதவே முடியாது. அலாரம், கீபோர்டு, முகப்புத் திரையில் வைக்கும் விட்ஜெட் வகையறாக்களைப் போனிலேயே வைத்திருங்கள் என்று ஆண்ட்ராய்டு செய்தவர்களே ஆப் எழுதுபவர்களுக்குச் சொன்னார்கள்.

2015ல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 இன்னும் துணிச்சலான வழியைத் திறந்தது. கார்டைக் கிடங்காக வைத்திருக்காமல், சுவரை இடித்துக் கடையோடு சேர்த்துவிடுவது. கார்டைப் போட்டதும் போன் கேட்கும்: இதை எடுத்துச் செல்லும் கார்டாக வைக்கட்டுமா, போனின் உள் நினைவகமாகவே எடுத்துக்கொள்ளட்டுமா? இரண்டாவதைத் தேர்ந்தால் கார்டில் இருப்பதையெல்லாம் அழித்து, போனின் சொந்த நினைவகம் போலவே ஃபார்மட் செய்து, முழுவதையும் குறியாக்கம் செய்துவிடும். அதன் பிறகு, அனுமதியுள்ள ஆப் தன் தரவோடு சேர்ந்தே கார்டுக்குப் போகும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கேயும் சாவி போனில்தான் இருக்கிறது. போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனால் கார்டு நல்லபடி இருந்தும் அதில் உள்ள ஒரு போட்டோவைக்கூட எடுக்க முடியாது. போனை ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் சாவி அழிந்துவிடும். 2016ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்7 போனில் கார்டு போட இடம் இருந்தும் இந்த வசதியை வெளியே தெரியாதபடி நிறுத்தி வைத்தார்கள். உங்கள் போனில் அந்தக் கேள்வியே வரவில்லை என்றால், உங்கள் போனைச் செய்தவர்களும் அப்படியே முடிவு செய்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய விஷயம் வேகம். கார்டின் மேல் நொடிக்கு 100 எம்பி என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அது பொய் இல்லை. ஒரு நீள வீடியோவை ஒரே மூச்சில் படிக்கும்போது கிடைக்கிற வேகம் அது. தள்ளுவண்டியில் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு வருவது மாதிரி. ஆப் அப்படிக் கேட்பதில்லை. இங்கே ஒரு 4 கேபி, அங்கே ஒரு 4 கேபி என்று சிதறிக் கிடக்கும் துணுக்குகளைக் கேட்கும். 50 கிராம் சீரகத்துக்கு ஒரு தடவை, 100 கிராம் மிளகுக்கு ஒரு தடவை, அப்புறம் துளி பெருங்காயத்துக்கு ஒரு தடவை என்று கடைப் பையனைக் கிடங்குக்கு ஓடவிட்டால் என்ன ஆகும்? சீரகத்தை அள்ளும் நேரத்தைவிடப் போய்வரும் நேரமே அதிகம்.

கார்டில் வட்டத்துக்குள் 10 என்று இருக்கும் குறி, தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 10 எம்பிக்குக் குறையாது என்று மட்டும் சொல்கிறது. துணுக்கு வேலையைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. அதற்கென்றே 2016ல் ஏ1 என்ற குறி வந்தது. ஏ1 கார்டு நொடிக்குக் குறைந்தது 1500 துணுக்குகளைப் படிக்க வேண்டும், 500 துணுக்குகளை எழுத வேண்டும். 1500 தடவை 4 கேபி என்றால் கூட்டிப் பாருங்கள், 6 எம்பிதான். 100 எங்கே, 6 எங்கே! அடுத்த ஆண்டு வந்த ஏ2 குறி இதை 4000 ஆகவும் 2000 ஆகவும் உயர்த்தியது. ஆனால் அந்த வேகம் முழுதாகக் கிடைக்கப் போனும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். பழைய போனில் ஏ2 கார்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பெரிய பயனில்லை.

எழுதுவது படிப்பதைவிட ஏன் இவ்வளவு கஷ்டம் என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. விடை கார்டுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் என்ற சில்லில் (சிப்) இருக்கிறது. ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கியவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் இருந்த ஃபுஜியோ மசுவோகா. 1984ல் அதை உலகுக்குச் சொன்னார். இன்று கார்டுகளிலும் போன்களிலும் இருக்கும் நாண்ட் வகை 1987ல் வந்தது. ஒரு பெரிய பகுதி மொத்தமும் ஒரே வீச்சில் அழிவது, கேமரா ஃபிளாஷ் பளிச்சென்று அடிப்பதை நினைவூட்டியதால் அந்தப் பெயர் வந்ததாம்.

உள்ளே கோடிக்கணக்கான குட்டி அறைகள். ஒவ்வோர் அறையையும் சுற்றி மின்சாரம் எளிதில் கடக்காத மெல்லிய படலம். அந்தப் படலத்தின் வழியே எலக்ட்ரான்களை உந்தி உள்ளே அடைப்பதுதான் எழுதுவது. கரண்ட் இல்லாவிட்டாலும் அவை அங்கேயே கிடக்கும். சிக்கல் அழிப்பதில்தான். எழுதும்போது சில கேபி அளவில் எழுதலாம். அழிக்கும்போது அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு பெரிய பாத்தியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். சிலேட்டில் ஒவ்வொரு வரியாக எழுதலாம், ஆனால் அழிக்க வேண்டுமானால் சிலேட்டையே கழுவ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியைத் திருத்தினால், திருத்தியதைக் காலியான வேறோர் இடத்தில் எழுதி, பழையது செல்லாது என்று குறித்துக்கொள்ள வேண்டும். காலி இடம் தீர்ந்ததும், செல்லும் வரிகளை எல்லாம் இன்னொரு சிலேட்டுக்குப் பெயர்த்துவிட்டுப் பழையதைக் கழுவ வேண்டும்.

இந்த வேலையைக் கார்டுக்குள் இருக்கும் ஒரு குட்டிக் கட்டுப்பாட்டுச் சில்லு செய்கிறது. 15 மில்லிமீட்டருக்கு 11 மில்லிமீட்டர், விரல் நகம் அளவு கார்டு. அதில் எவ்வளவு பெரிய மூளையை வைத்துவிட முடியும்? போனின் சொந்த நினைவகத்தில் இதே வேலைக்கு இன்னும் கெட்டிக்காரச் சில்லு இருக்கிறது, ஒரே நேரத்தில் பல வழிகளில் எழுதவும் முடிகிறது. வாட்ஸ்அப் போன்ற ஆப் நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருக்கும். அந்த ஓயாத கழுவலில் அறைகளின் படலம் மெல்ல மெல்லத் தேய்கிறது. ஒவ்வொரு பாத்தியையும் இத்தனை தடவைதான் அழிக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. மலிவான கார்டு அந்த வரம்பைச் சீக்கிரம் தொட்டுவிடும். போனும்கூட இடம் நிறைந்ததும் மந்தமாவதற்குக் காரணம் இதுதான்: பெயர்த்து எழுதக் காலி சிலேட்டு இல்லை.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. சூடு ஏற ஏற, அடைத்து வைத்த எலக்ட்ரான்கள் கசியும் வேகம் கூடும். குழந்தைகளின் படம் உள்ள பழைய கார்டை ஓட்டு வீட்டுப் பரணில் வருடக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.

எனக்கே ஒரு கார்டு போயிருக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தரைக்கடையில் 128 ஜிபி என்று வாங்கினேன். அக்கா மகளின் காதுகுத்துப் படங்களை அதில் போட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் முதல் சில படங்கள் மட்டும் இருந்தன, மற்றவை சாம்பல் நிறக் கட்டங்கள். உண்மையில் அது 8 ஜிபி கார்டு. கட்டுப்பாட்டுச் சில்லில் கொள்ளளவைப் பொய்யாக எழுதியிருந்தார்கள். 8 ஜிபி வரை ஒழுங்காக எழுதும். அதற்கு மேல் வருவது எங்கும் போய்ச் சேராது, ஆனால் சேர்ந்துவிட்டதாகப் போனிடம் சொல்லும். அன்றிலிருந்து எந்தக் கார்டு வாங்கினாலும் கம்ப்யூட்டரில் மாட்டி, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலால் முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்த பிறகே படங்களை வைக்கிறேன். 64 ஜிபி கார்டு கம்ப்யூட்டரில் 59 சொச்சம் என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கார்டைச் செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

பெரியம்மா போனுக்கு வருவோம். செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறந்து எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்த்தேன். ஆப்கள் குற்றவாளி இல்லை. காலை வணக்கம் வீடியோக்களும் போட்டோக்களுமாக வாட்ஸ்அப் ஃபோல்டரில் மட்டும் 4 ஜிபி. அம்மன் பாட்டுகள் ஒரு ஜிபிக்கு மேல். இவை எல்லாமே மூட்டைகள், கிடங்குக்குப் போக வேண்டியவை. ஒரே மூச்சில் படிக்கிற வேலை என்பதால் கார்டுக்கு இது கைவந்த கலை. அப்படியே நகர்த்தினேன். நகர்த்திய பிறகு வாட்ஸ்அப் உரையாடலுக்குள் போய்த் தொட்டால் அந்தப் படங்கள் திறக்காது, கேலரியில்தான் பார்க்க வேண்டும் என்பதை இரண்டு முறை சொல்லிக் கொடுத்தேன். கேமரா செட்டிங்கில் சேமிக்கும் இடத்தைக் கார்டு என்று மாற்றினேன். பெரிய ஆப்கள் இரண்டில் கேஷை அழித்தேன். அதற்குப் பக்கத்திலேயே டேட்டாவை அழிக்கும் பொத்தானும் இருக்கும். அதைத் தொட்டால் லாகின் உட்பட எல்லாம் போய்விடும், கவனம்.

பேங்க் ஆப் அப்டேட் ஆனது. "ஆப்பெல்லாம் கார்டுக்குத் தள்ளிட்டியா?" என்றார். "இல்ல பெரிம்மா, ஒண்ணுகூடத் தள்ளல. படத்தையும் பாட்டையும்தான் தள்ளுனேன்."

கார்டைப் போனோடு சேர்த்துவிடும் வழியையும் நான் தொடவில்லை. அந்தப் போனின் சார்ஜ் போடும் வாய் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறது. நாளைக்கே போன் போனாலும் கார்டைக் கழற்றி வேறு போனில் போட்டால் படங்கள் தெரிய வேண்டும். பெரியப்பா போன வருடப் பொங்கலுக்கு மாட்டோடு நின்று எடுத்துக்கொண்ட படம் அதில்தான் இருக்கிறது. அவர் கடைசியாக எடுத்துக்கொண்டது அதுதான். அந்த ஒரு படத்தை மட்டும் கார்டிலும் வைத்தேன், போனிலும் வைத்தேன், என் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன்.